முடி கொட்டுகிறது, எந்த வைட்டமின் வாங்கட்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். வயது 31. இரண்டு மாதமாகத் தலைவாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது. தோழி ‘பயோட்டின் 10,000’ வாங்கச் சொல்கிறார், அக்கா கொலாஜன் பவுடர் என்கிறார், போனைத் திறந்தால் ‘முடி, தோல், நகம்’ என்று எழுதிய கம்மி மாத்திரை விளம்பரம். மூன்றில் எது நல்லது, எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? போகிற போக்கில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: “ஐந்து மாதத்துக்கு முன் கடும் டயட் தொடங்கி 11 கிலோ குறைத்தேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.”

சம்பந்தம் இருக்கிறது. பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். நான் மருந்தாளுநர், முடிக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, மூன்று நான்கு மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன நடந்தது என்பதைத்தான்.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் கணக்கில் தனியாக ஓடுகிறது. 2 முதல் 6 ஆண்டு வரை முடி வளரும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், அதன்பின் சுமார் 3 மாதம் ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். ஓய்வில் இருப்பவை எப்போதும் பத்தில் ஒரு பங்கு போலத்தான். நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது அதனால் இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, திடீரென்று சாப்பாட்டைப் பாதியாகக் குறைப்பது போன்ற எதாவது ஒன்று உடம்பை உலுக்கும்போது, இன்னும் வளர வேண்டிய முடிகளில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் அன்றைக்கே கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதற்குள் காய்ச்சலை மறந்திருப்போம், டயட்டின் பலனை எல்லாரும் பாராட்டி முடித்திருப்பார்கள். மருத்துவத்தில் இதை டெலோஜன் எஃப்ளுவியம் என்பார்கள். காரணம் விலகிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் உதிர்வு தானாகவே அடங்கும். மயிர்க்கால் சாகவில்லை என்பதால் முடி திரும்ப வளரும்.

முடி மாத்திரைகளின் புகழ் எங்கிருந்து வருகிறது என்பதும் இதில்தான் இருக்கிறது. உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் டப்பா வாங்குவார்கள். மூன்று மாதம் விடாமல் சாப்பிடுவார்கள். அந்த மூன்று மாதத்தில் உதிர்வு எப்படியும் குறைந்திருக்கும். பெயர் டப்பாவுக்குப் போய்விடும். “எனக்கு நன்றாகக் கேட்டது” என்று உங்கள் தோழி சொல்வது பொய்யல்ல. சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். முன்பு, பின்பு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்த படங்களைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மாத்திரையே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. உடம்பில் ஒரு சத்து உண்மையிலேயே குறைந்திருந்தால், அதை ஈடுகட்டுவது முடிக்கு உதவும். குறையாத சத்தை மேலும் மேலும் போடுவதால் முடி வேகமாக வளர்வதில்லை. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது, நன்றாகச் சாப்பிடும் ஆளுக்கு அதை இரண்டாக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. ஆகவே எந்த பிராண்ட் என்பதை ஓரமாக வையுங்கள். எனக்கு எது குறைகிறது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோழி சொன்ன பயோட்டினிலிருந்தே ஆரம்பிக்கலாம், அதற்குத்தான் விளம்பரம் அதிகம். பெரியவர் ஒருவருக்கு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம். டப்பாவில் 10,000 என்று போட்டிருப்பதும் மைக்ரோகிராம்தான். அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல். சாதாரணச் சாப்பாடு சாப்பிடுபவருக்கு பயோட்டின் குறைபாடு வருவது மிக அபூர்வம். பிறவியிலேயே பயோட்டினிடேஸ் என்ற நொதி குறைந்தவர்கள், சில வலிப்பு மருந்துகளை நீண்டகாலம் எடுப்பவர்கள், பச்சை முட்டை வெள்ளைக்கருவை மாதக்கணக்கில் குடிப்பவர்கள் போன்ற சிலருக்கு வரலாம். பயோட்டினால் முடியோ நகமோ தேறியதாக மருத்துவ இதழ்களில் பதிவானவர்களைத் தொகுத்து 2017இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. தேறியது மொத்தம் 18 பேர். பதினெட்டுப் பேருக்குமே அடியில் ஏதோ ஒரு நோயோ குறைபாடோ இருந்தது. ஆரோக்கியமாக இருப்பவருக்கு உதவும் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

‘உதவாவிட்டால் என்ன, கெடுதல் இல்லையே, சிறுநீரில் போய்விடுமே’ என்பார்கள். போய்விடும்தான், ஆனால் போவதற்கு முன் ரத்தப் பரிசோதனையைக் குழப்பிவிட்டுப் போகும். பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோன்களை அளக்க பயோட்டினையே ஒரு கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே ஏராளமாக பயோட்டின் மிதந்தால் கொக்கி இடம் மாறி மாட்டிக்கொள்ளும். விளைவாக, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். காகிதத்தில் பார்த்தால் அச்சு அசலாகத் தைராய்டு மிகைச்சுரப்பு. என்னிடம் வழக்கமாக வரும் ஒரு பெண் இப்படியொரு அறிக்கையோடு வந்தார். படபடப்பு இல்லை, கைநடுக்கம் இல்லை, எடை குறையவில்லை. வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று மூன்றாம் முறை கேட்டபோதுதான், “அது மருந்தில்லையே, வைட்டமின்தானே” என்று பையிலிருந்து பயோட்டின் டப்பாவை எடுத்தார். மருத்துவர் அதை நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது. தைராய்டு பரவாயில்லை. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையிலும் இதே குழப்பம் நேரலாம். பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ட்ரோபோனின் குறைவாகக் காட்டி, அவர் இறந்துபோனதைச் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது.

இனி நிஜமாகவே பார்க்க வேண்டியது: இரும்பு. மாதவிடாய் வரும் வயதுப் பெண், அதிலும் டயட் இருந்தவர் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு ‘ரத்தம் நன்றாக இருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு சேமிப்பிலிருந்து இரும்பை எடுத்துக் கடைசிவரை ஹீமோகுளோபினைக் காப்பாற்றப் பார்க்கும். சேமிப்பு காலியாவது ஃபெரிட்டின் என்ற சோதனையில்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஆரோக்கியமான பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. முடிக்கு அது போதாது, 40க்கு மேல் இருக்க வேண்டும் என்று பல தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதில் எல்லாருக்கும் ஒத்த கருத்து கிடையாது. என் பார்வையில் 12 என்று வந்தால் விவாதமே வேண்டாம், 25 என்று வந்தால் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம், 80 என்று வந்தால் இரும்பு மாத்திரையை மறந்துவிடலாம். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும் நேரத்தில் ஃபெரிட்டின் செயற்கையாக ஏறிக் காட்டும் என்பதால், அப்போது சோதிக்க வேண்டாம்.

இரும்பு எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு வேளை மாத்திரை போட்டதும், மேற்கொண்டு இரும்பு உள்ளே வராதபடி ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் கதவை இறுக்கிவிடும். அதனால் தினமும் எடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாக உறிஞ்சுகிறது என்று, இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களிடம் செய்த ஆய்வு 2017இல் காட்டியது. மலச்சிக்கலும் வயிற்றுப் புரட்டலும் குறையும் என்பது உபரி லாபம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து எடுக்க வேண்டாம்; வைட்டமின் சி உள்ள பழத்தோடு எடுக்கலாம். தைராய்டு மாத்திரை போடுபவர் இரண்டுக்கும் இடையில் 4 மணிநேரம் விட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டில் சிறு குழந்தை இருந்தால் டப்பாவைக் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வைட்டமின் டி அடுத்தது. அது வேலை செய்வதற்கான ஏற்பி பிறவியிலேயே பழுதான சில குழந்தைகளுக்கு எலும்பு வளைவதோடு தலைமுடியும் இல்லாமல் போவதுண்டு. ஆகவே மயிர்க்காலுக்கும் அந்த ஏற்பிக்கும் உறவு இருப்பது உறுதி. அதற்காக டி மாத்திரை போட்டவர்களுக்கெல்லாம் முடி அடர்த்தியாகும் என்று அர்த்தமில்லை. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் எலும்புக்காகவாவது சரிசெய்ய வேண்டியதுதான், முடிக்கு நல்லது நடந்தால் சந்தோஷம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் எடுப்பதற்கு நாளைக்கு 4,000 ஐ.யு. (சர்வதேச அலகு) உச்ச வரம்பு. வாரத்துக்கு ஒன்று என்று எழுதிய உயர் அளவு மாத்திரையை நாளுக்கு ஒன்றாக விழுங்கி, கால்சியம் ஏறி வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. சீட்டில் ‘வாரம்’ என்று இருக்கிறதா, ‘நாள்’ என்று இருக்கிறதா என்பதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படியுங்கள்.

துத்தநாகம் குறைந்தாலும் முடி கொட்டும், மிகையானாலும் தொல்லை. பெண்களுக்கு நாளைக்கு 8 மில்லிகிராம், ஆண்களுக்கு 11 போதும். 40க்கு மேல் தொடர்ந்து போனால் செம்பு உறிஞ்சப்படுவது கெட்டு, ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரலாம். இங்கேதான் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘ஜிங்க் சல்பேட் 220 மி.கி.’ என்று எழுதியிருக்கும் மாத்திரையில் உண்மையான துத்தநாகம் சுமார் 50 மி.கி. ஜிங்க் சல்பேட் என்ற சேர்மத்தின் எடை வேறு, அதிலுள்ள தாதுவின் எடை வேறு. இரும்பிலும் அதே கதைதான்: ஃபெரஸ் ஃப்யூமரேட் என்றால் எழுதியிருக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு. இரண்டு பிராண்டை ஒப்பிடும்போது ‘எலிமெண்டல்’ என்று போட்ட எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

முடி மாத்திரையே முடியைக் கொட்டவைக்கும் என்பதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. செலினியம் நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும், 400 உச்ச வரம்பு. 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் தயாரிப்புப் பிழையால், 200 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். வயிற்றுப்போக்கு, களைப்பு, மூட்டு வலி, அவற்றோடு முடி உதிர்வு, நகம் கழன்று விழுதல். ஆரோக்கியத்துக்காக வாங்கிக் குடித்தவர்கள் அவர்கள்! வைட்டமின் ஏ-யும் அப்படித்தான். ரெட்டினால் வடிவில் நாளைக்கு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 ஐ.யு. தாண்டித் தொடர்ந்து எடுத்தால் முடி கொட்டும், கல்லீரல் கெடும். கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கருவின் உறுப்புகள் உருவாவதைப் பாதிக்கும். ஒரு டப்பாவால் வரம்பைத் தாண்டுவது அரிது. ஒரு மல்டிவைட்டமின், கூட ஒரு மீன் ஈரல் எண்ணெய், அதற்கு மேல் ஒரு முடி மாத்திரை என்று மூன்றிலும் ஏ இருப்பதைக் கவனிக்காமல் சேர்த்துப் போடும்போதுதான் கூட்டுத்தொகை எகிறும்.

அக்கா சொன்ன கொலாஜன் பவுடர் வயிற்றுக்குள் போனதும் மற்ற எந்தப் புரதத்தையும் போல அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துவிடும். அது நேராகத் தலைக்கு ஏறி முடியாவதில்லை. அதில் டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமிலம் கிடையாது என்பதால் முழுமையான புரதமும் அல்ல. ஆனால் அக்கா கைவைத்த இடம் தவறில்லை: முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, நீங்கள் டயட்டில் வெட்டியது பெரும்பாலும் புரதத்தையும்தான். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது குறைந்தபட்சம். 60 கிலோ இருப்பவருக்கு 48 கிராம். எடையைக் குறைக்கும் காலத்தில் அதற்கு மேலேயே இருப்பது நல்லது. மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிவைத்துக் கூட்டிப் பாருங்கள். பாதிகூட வரவில்லை என்றால், எந்த மாத்திரைக்கும் முன்னால் தட்டைச் சரிசெய்ய வேண்டும்.

மற்றவை வேகமாக. பி12: அசைவமும் பாலும் அறவே தவிர்ப்பவர்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தை நீண்டகாலம் எடுப்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம். வைட்டமின் சி: ஸ்கர்வி என்ற குறைபாட்டு நோய் வரும் அளவுக்குக் குறைந்தால் முடி திருகிக்கொண்டு வளரும், பழம் சாப்பிடுபவருக்குக் கவலை வேண்டாம். வைட்டமின் ஈ, ஒமேகா-3: சிறிய ஆய்வுகள் சில நல்லதாகச் சொல்கின்றன, காசு செலவழிக்கும் அளவுக்கு எனக்கு நம்பிக்கை வரவில்லை. கம்மி மாத்திரைகள்: சுவை கெடும் என்பதால் பெரும்பாலானவற்றில் இரும்பே இருக்காது, சர்க்கரை இருக்கும்.

சில உதிர்வுகளுக்கு வைட்டமினே பதில் இல்லை. பெண்களுக்கு வகிடு அகலமாகிக்கொண்டே போவது, ஆண்களுக்கு நெற்றி ஓரமும் உச்சியும் மெலிவது பரம்பரை வழுக்கை. அங்கே டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரான் என்ற ஹார்மோனால் மயிர்க்கால் சுருங்குகிறது. அமெரிக்காவில் 1988லேயே முடிக்கு அனுமதி பெற்ற மினாக்ஸிடில் போன்ற மருந்துகளுக்கு இருக்கும் ஆதாரத்தில் கால்வாசிகூட எந்தச் சத்து மாத்திரைக்கும் இல்லை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பதால், ஒரு வருடம் பயோட்டினில் வீணாவது இங்கே உண்மையான நஷ்டம். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து வலித்தாலோ, செதில் உதிர்ந்தாலோ, புருவமும் சேர்ந்து கொட்டினாலோ நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

சோதனையில் ஏதோ ஒன்று குறைவு என்று வந்தால், அந்த ஒரு சத்து மட்டும் உள்ள மாத்திரையை வாங்குங்கள். 20 பொருள் கலந்த ‘ஹேர் காம்ப்ளெக்ஸ்’ வேண்டாம். உங்களுக்கு வேண்டியது அதில் சிட்டிகையளவும் வேண்டாதது வண்டியளவும் இருக்கும். ‘பிரத்யேகக் கலவை 850 மி.கி.’ என்று மொத்தமாகப் போட்டு உள்ளே எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். சத்து மாத்திரைகள் பயன் தரும் என்று விற்பனைக்கு முன் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் பல நாடுகளில் இல்லை. யு.எஸ்.பி., என்.எஸ்.எஃப். போன்ற வெளி அமைப்புகளின் முத்திரை இருந்தால், லேபிளில் எழுதியது உள்ளே இருக்கிறது, ஈயம் போன்ற அசுத்தம் வரம்புக்குள் இருக்கிறது என்று நம்பலாம். முடி வளரும் என்பதற்கு அந்த முத்திரை உத்தரவாதமல்ல.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது இது. எடை குறைப்பைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, புரதத்தைச் சரிசெய்யுங்கள். ஃபெரிட்டின், முழு ரத்த எண்ணிக்கை, டி.எஸ்.எச்., வைட்டமின் டி நான்கையும் பாருங்கள். சைவம் என்றால் பி12 சேர்த்துக்கொள்ளலாம். குறைந்ததை மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்து, 3 மாதம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்து ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால் எதையும் வாங்காதீர்கள். முன்னேற்றத்தைச் சீப்பில் வரும் முடியை எண்ணிக் கணக்கிடாமல், மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், அதே இடத்தில் வகிடெடுத்துப் படம் பிடித்துப் பாருங்கள். முன்நெற்றி ஓரம் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன முடிகள் குத்திட்டு நிற்க ஆரம்பித்தால் வளர்ச்சி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உதிர்வு குறைந்த பிறகும் அடர்த்தி பழையபடி கண்ணுக்குத் தெரிய 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் பிடிக்கும். ஆறு மாதம் தாண்டியும் கொட்டுவது நிற்காவிட்டால், காரணம் டயட் மட்டுமல்ல. மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

தோழி சொன்னாரே என்று அந்த 10,000 டப்பாவை ஏற்கெனவே திறந்திருந்தால், ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.